பறங்கிப்பட்டையின் பங்காளிகள்

நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பறங்கிப்பட்டை வேண்டுமென்று கேட்டால், கடைக்காரர் செம்மை படர்ந்த தவிட்டு நிறத்தில், முண்டும் முடிச்சுமாக, உரலில் இட்டாலும் எளிதில் மசியாத சில துண்டுகளைத் தராசில் இட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறார். அது மரத்தின் பட்டையன்று. சீனத்திலும் அதை அடுத்த கீழ்த்திசை நாடுகளிலும் முட்புதராகப் படரும் ஒரு கொடியின் அடிக்கிழங்கு. இந்தக் கொடிக்குப் பங்காளிகளாக உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டென்பதும், அவற்றுள் சில நமது மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலிலேயே மரங்களைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கின்றன என்பதும், இந்த மருந்தை நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகக் கஷாயமாகவும் சூரணமாகவும் உட்கொண்டு வந்திருக்கும் சமூகத்திற்குத் தெரிந்திருக்க வேண்டிய சாதாரண விஷயங்கள். ஆனால் விற்பவரும் அதைப் பற்றி விசாரிப்பதில்லை, வாங்குபவரும் விசாரிப்பதில்லை.

தாவர சாஸ்திரிகள் இந்தக் கொடி வர்க்கத்திற்கு ஸ்மைலாக்ஸ் என்று பெயரிட்டிருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில் இதன் இனங்களைக் கிரீன்பிரையர் என்று பொதுவாக அழைக்கிறார்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பின்பும் தண்டு பச்சையாகவே நிற்கும் முள்கொடி அது. மெக்ஸிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வளரும் இனங்களின் வேர்தான் சர்சபரில்லா என்னும் பெயரில் ஒரு காலத்தில் உலகச் சந்தையைக் கலக்கியது. இவ்வளவு பரந்த குடும்பத்தைப் பற்றி நான் சொல்ல விரும்பும் அபிப்பிராயம் ஒன்றுதான்: இந்தக் கொடியோடு கூடி வாழ்ந்த ஜனங்கள் பெரும்பாலும் அதன் தளிரையும் இலையையும் கொண்டு பயனடைந்தார்கள், அதைத் தூரத்திலிருந்து வாங்கிய நாகரிகங்களோ அதன் வேரை மட்டுமே கண்டன. வேரில்தான் சாரம் இருக்கிறதென்ற இந்த மோகம் நம்மிடம் இன்னும் தீரவில்லை. அதன் விளைவை ஸ்மைலாக்ஸ் கொடியைவிட நமது நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் அதிகமாக அனுபவித்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் இந்தக் கொடியை அடையாளம் காணும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும்; ஏனெனில் காட்டுக் கொடிகளின் விஷயத்தில் அரைகுறை ஞானம் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். நெல், தென்னை, வாழை முதலியவற்றைப் போல இதுவும் ஒருவித்திலைத் தாவரமே. ஆயினும் அந்த வகுப்புக்கு இயல்பான இணையோட்ட நரம்புகளைத் தன் இலையில் வைத்துக்கொள்ளாமல், காம்புக்கு அருகிலிருந்து மூன்றோ ஐந்தோ பெரிய நரம்புகள் வில்லாக வளைந்து நுனியை நோக்கிச் செல்ல, அவற்றிடையே வலை பின்னினாற்போன்ற சிறு நரம்புகள் ஓடுமாறு அமைந்திருப்பது இதன் முதல் லட்சணம். இரண்டாவது லட்சணம் இன்னும் நிச்சயமானது: ஒவ்வோர் இலைக்காம்பிலிருந்தும் இரண்டு பற்றுக்கம்பிகள் ஜோடியாகப் புறப்படுகின்றன. இலை உதிரும்போது கம்பிகள் முளைத்த இடத்திற்கு மேலே காம்பு முறிந்து விழுவதால், இலை போன பிறகும் அந்த ஜோடிக் கம்பிகள் தண்டிலேயே நின்றுவிடுகின்றன. இலையில்லாத பருவத்திலும் கொடியைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஆண் பூக்கள் ஒரு கொடியிலும் பெண் பூக்கள் மற்றொரு கொடியிலுமாகப் பிரிந்திருக்கும்; பசுமஞ்சள் நிறமுள்ள சிறு பூக்கள் குடைக்கம்பிகளைப் பரப்பினாற்போல் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும்; பெண் கொடியில் மட்டும் பட்டாணி அளவுள்ள உருண்டைக் கனிகள் கொத்தாகக் காய்க்கும். முள் இருப்பதைக் கொண்டு மட்டும் இதைத் தீர்மானிக்கலாகாது. முள்ளில்லாத இனங்களும் உண்டு. ஒரே கொடியில் அடித்தண்டில் முள் நெருங்கியும் மேல்கிளையில் முள்ளே இல்லாமலும் இருப்பதும் உண்டு.

பற்றுக்கம்பி எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நமது மாநில மலராகிய செங்காந்தளை நினைத்துப் பாருங்கள். அதுவும் பற்றி ஏறும் கொடிதான். அதற்கும் மண்ணுக்கடியில் கிழங்குண்டு. கண்வலிக்கிழங்கு என்றும் கார்த்திகைக் கிழங்கு என்றும் நம்மவர் அழைக்கும் அந்தக் கிழங்கில் கோல்கிசின் என்னும் கொடிய விஷம் இருக்கிறது. உண்ணத்தக்க கிழங்கென்று மயங்கி அதை வேகவைத்துத் தின்று மாண்டவர்களின் வரலாறு நமது நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. செங்காந்தளில் இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடுகிறது. ஸ்மைலாக்ஸிலோ இலை நுனி இலை நுனியாகவே இருக்க, காம்பிலிருந்து இரண்டு கம்பிகள் எழுகின்றன. பூவில்லாத காலத்தில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கும் கண்தான் விஷத்தைத் தவிர்க்க முதல் துணை. வள்ளிக்கிழங்கு வர்க்கத்தின் இலை ஸ்மைலாக்ஸ் இலையோடு மிகவும் ஒத்திருக்கும். ஆனால் அவற்றுக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டே முறுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றும். பிரண்டையில் இலைக்கு எதிர்ப்புறத்தில் கம்பி ஒற்றையாகத் தோன்றும். நன்னாரியில் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், கிள்ளினால் பால் வடியும், கம்பி இராது. அமெரிக்கக் காடுகளில் திராட்சையென்று மயங்கச் செய்யும் மூன்சீட் என்னும் விஷக்கொடிக்கும் முள்ளோ கம்பியோ இல்லை. கனியைப் பிளந்தால் பிறைச்சந்திரன் வடிவில் ஒற்றை விதை தோன்றும். இவற்றையெல்லாம் வரிசையாக மனனம் செய்துவிட்டால் போதுமென்றும் நான் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் படித்ததைக் காட்டில் ஒருவர் விரல் வைத்துக் காட்டிக் கொடுக்கும் வரையில் அது அறிவாகாது. கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மறுநாளே மண்வெட்டியோடு மலையடிவாரத்திற்குப் புறப்படும் இளைஞர்களுக்காகவே இவ்வளவு விஸ்தாரமாக எழுதினேன்.

அமெரிக்காவின் கிரீன்பிரையர் இனங்களுக்குள்ளேயே வேற்றுமைகள் பல. வட்ட இலையுள்ள சாதாரண இனம் ஒன்று. இலையின் அடிப்புறம் வெண்ணீறு பூசினாற்போல் வெளுத்திருப்பது மற்றொன்று. வெளிர்ப் புள்ளிகளும் விளிம்பில் சிறு முட்களும் கொண்டது வேறொன்று. சதுப்பு நிலங்களில் வளர்ந்து ஆண்டு முழுவதும் இலை உதிராமல், கனி முதிர்வதற்கு இரண்டாம் ஆண்டு வரை எடுத்துக்கொள்ளும் இனமும் உண்டு. அழுகிய இறைச்சியின் துர்நாற்றத்தோடு பூத்து, ஈக்களை வரவழைத்து மகரந்தம் பரப்பும் முள்ளற்ற இனமும் உண்டு. ஓரினத்தின் கனிக்குள் இருக்கும் சவ்வை ரப்பரைப் போல இழுத்து விளையாடுவது அந்நாட்டுப் பிள்ளைகளின் வழக்கம். விவசாயிகளுக்கோ இக்கொடியைக் கண்டால் ஆகாது. வெட்டினாலும் எரித்தாலும் மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலிருந்து மீண்டும் மீண்டும் துளிர்க்கும் இதன் பிடிவாதம் அவர்களுக்குப் பெருந்தொல்லை. ஆனால் அந்தப் பிடிவாதம்தான் இதன் தளிரைத் தாராளமாகக் கிள்ளிக்கொள்ள மனிதனுக்குக் கிடைத்த அனுமதியும் ஆகும்.

வசந்த காலத்தில் கொடியின் நுனி ஒரு சாணளவுக்கு மென்மையாக நீண்டு வளரும்போது, அதன் இலையும் விரிந்திராது, முள்ளும் முதிர்ந்திராது, பற்றுக்கம்பிகூட வாயில் கரைந்துவிடும் பதத்தில் இருக்கும். வளைத்தால் எந்த இடத்தில் தானாக முறிகிறதோ அந்த இடம் வரையில்தான் உண்ணத்தக்கது. அதற்குக் கீழே நாராகிவிடும். இலேசான புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தத் தளிரைப் பச்சையாகவே மெல்கிறார்கள். நீரில் சற்று வேகவைத்தும் வெண்ணெயில் வதக்கியும் உண்கிறார்கள். நுனியைக் கிள்ளிய கொடி பக்கக் கிளைகளை விட்டு இன்னும் அடர்ந்து வளர்கிறது. முருங்கைக் கீரையும் பிரண்டைத் தளிரும் ஒடித்துப் பழகிய நமக்கு இந்த நியாயம் புதிதல்ல.

கிழங்கையும் அமெரிக்கப் பழங்குடி மக்கள் அறியாதவர்களல்லர். வில்லியம் பார்ட்ரம் என்ற இயற்கை நூலறிஞர் 1773 முதல் நான்கு ஆண்டு காலம் அமெரிக்காவின் தென்பகுதிகளில் பிரயாணம் செய்து, 1791-இல் பிலடெல்பியாவில் வெளியிட்ட யாத்திரை நூலில், புளோரிடாவின் செமினோல் குடிகள் இக்கொடியின் கிழங்கைப் பக்குவப்படுத்தும் விதத்தை விவரித்திருக்கிறார். கிழங்கை நறுக்கி, மரவுரலில் இடித்து, நீரில் கரைத்து வடிகட்டி, அடியில் தங்கும் வண்டலை உலர்த்தினால் செந்நிற மாவு கிடைக்கும். அதைச் சுடுநீரில் கலந்து தேன் சேர்த்து ஆறவைத்தால் கட்டிக் கூழாக உறையும். சோளமாவோடு பிசைந்து கரடி நெய்யில் பணியாரமாகச் சுடுவதும் உண்டு. நமது வீடுகளில் கூவைக்கிழங்கு மாவு எடுத்த பாட்டிமார்களுக்கு இந்தச் செய்முறையை ஒருமுறை சொன்னாலே போதும். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் தோண்டியது தாங்கள் வாழ்ந்த இடத்தில், தங்கள் உணவுக்கு வேண்டிய அளவுக்கு என்பதுதான். கண்டம் விட்டுக் கண்டம் கப்பலேற்றுவதற்காக அவர்கள் ஒரு துண்டும் தோண்டியதாக அந்தப் பிரயாணி எழுதவில்லை.

மற்ற நாடுகளிலும் இதே கதை வெவ்வேறு வேஷத்தில் நிகழ்ந்திருக்கிறது. 1788-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஜாக்சனில் வந்திறங்கிய ஆங்கிலக் கைதிகளும் காவலர்களும், கொண்டுவந்த உணவு சுருங்கி, உடலில் சக்தி குன்றிய வேளையில், அங்கே வளர்ந்த ஒரு ஸ்மைலாக்ஸ் இனத்தின் இலையைத் தேநீராகக் காய்ச்சிக் குடித்தார்கள். அதிமதுரத்தின் சாயல் கொண்ட இனிப்பு அதற்கு உண்டு. அந்த இலையை அக்குடியேற்றத்தின் வைத்தியர்களுள் ஒருவரான டெனிஸ் கான்சிடன் இங்கிலாந்திலிருந்த தாவர நூலறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்கு அதே ஆண்டில் அனுப்பிவைத்தார். ஜப்பானின் மேற்குப் பகுதியில், பயற்றம் பூரணம் வைத்த அரிசிக் கொழுக்கட்டையைப் பறங்கிப்பட்டைக் கொடியின் வட்ட இலைகளுக்கு நடுவில் வைத்தே பரிமாறுகிறார்கள். கொரியாவிலும் அதே இலையில் பொதிந்த பலகாரம் உண்டு, எளிதில் கெடாமலிருக்க அந்த இலை உதவுகிறதென்று சொல்லுகிறார்கள். மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் தளிர் உணவாகிறது. நமது வடநாட்டில் இதன் தண்டைப் பல்துலக்கும் குச்சியாகப் பயன்படுத்தி, அதற்கு ராமதாதுன் என்று பக்தியோடு பெயரும் வைத்திருக்கிறார்கள். நாம் சூரணமாக மட்டுமே அறிந்த அந்தக் கொடியின் இலை, ஒரு தேசத்தில் பண்டிகைப் பலகாரத்தின் மணமாக இருக்கிறது என்பதை எண்ணும்போது, நமது பார்வை எவ்வளவு குறுகியதாக இருந்துவிட்டது என்று வியப்புத்தான் உண்டாகிறது.

வேரின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. பதினாறாம் நூற்றாண்டில் மேகப்புண் என்னும் பயங்கர வியாதி உலகத் துறைமுகங்களில் பரவிக்கொண்டிருந்தபோது, சீனத்துக் கிழங்கு அதற்குக் கைகண்ட ஔஷதமென்ற செய்தி போர்ச்சுக்கீசியக் கப்பல்களின் வழியாகக் கோவாவிற்கும், அங்கிருந்து ஐரோப்பாவிற்கும் சென்றது. வாதநோயால் வருந்திய ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியே அதை உட்கொண்டார். அவருடைய அரண்மனை வைத்தியராகிய வெசாலியஸ் 1546-இல் இக்கிழங்கைப் பற்றி ஒரு நீண்ட கடிதத்தைப் பதிப்பித்தார். வேடிக்கை என்னவென்றால், கிழங்கைப் பற்றிச் சில பக்கங்களில் சந்தேகத்தோடு பேசிவிட்டு, மீதி நூலை முழுவதும் காலன் என்னும் பண்டைய கிரேக்க வைத்தியர் மனித உடலை அறுத்துப் பார்க்காமலே எழுதிவிட்டார் என்று நிரூபிப்பதற்கே அவர் செலவிட்டிருக்கிறார். 1563-இல் கோவாவில் அச்சான, போர்ச்சுக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தாவின் உரையாடல் நூலிலும் சீனக் கிழங்குக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. அந்நூற்றாண்டிலேயே பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத கிரந்தத்தில், பறங்கியரோடு வந்த இந்நோய்க்கு இம்மருந்து விதிக்கப்பட்டுள்ளது. நமது சித்த வைத்தியர்களும் அதைப் பால் ஆவியில் பிட்டாக அவித்துச் சுத்தி செய்து, பறங்கிப்பட்டைச் சூரணமாகத் தோல் நோய்களுக்குக் கொடுத்துவருகின்றனர். புதிய நோய்க்குப் புதிய மருந்தைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டு, தங்கள் சாஸ்திர முறைக்குள் அதற்கு இடம் அமைத்துக் கொடுத்த அந்த வைத்தியர்களின் விசாலமான புத்தியை நான் மெச்சுகிறேன்.

ஆனால் மெச்சுவது வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. சர்சபரில்லாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிகாரபூர்வமான மருந்து நூல் 1820 முதல் 1910 வரை மேகநோய்க்குரிய மருந்தாக வைத்திருந்தது. அதன் பெயரால் இரத்த சுத்தி பானங்களை விற்றுக் கோடீசுவரர்களான வியாபாரிகள் பலர். அந்த 1910-ஆம் ஆண்டிலேயே அந்நோய்க்கு எர்லிக் கண்ட சால்வர்சான் என்னும் மருந்து சந்தைக்கு வந்தது. 1943-இல் பெனிசிலின் அந்நோயை உண்மையாகவே குணப்படுத்தக் கூடியதென்று தெரிந்தது. தொண்ணூறு ஆண்டுகள் மருந்து நூலில் இருந்ததனால் மட்டும் ஒரு வேர் அந்த நோயைத் தீர்த்துவிடவில்லை. பிற்காலத்தில், இந்த வேரில் ஸ்டீராய்டு சேர்ந்த சபோனின்கள் இருப்பதைக் கேள்விப்பட்ட சிலர், இதை உண்டால் ஆண்மைச் சுரப்பு பெருகித் தசை முறுக்கேறும் என்று உடற்பயிற்சி செய்வோரிடம் விற்றார்கள். அந்தச் சபோனின்களை ரசாயன சாலையில் ஹார்மோனாக மாற்றும் வித்தையை ரசாயன அறிஞர் ரஸ்ஸல் மார்க்கர் 1930-களின் இறுதியில் கண்டறிந்தது உண்மை. சர்சபரில்லாவில் தொடங்கிய அவர் மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்குக்கு மாறி, 1944-இல் ஹார்மோன் தயாரிக்கும் சின்டெக்ஸ் நிறுவனம் தோன்றுவதற்குக் காரணமாக இருந்ததும் உண்மை. ஆனால் மனிதனுடைய வயிறு மார்க்கரின் ரசாயன சாலையன்று. அந்த மாற்றம் அங்கே நடைபெறுவதில்லை. இன்று நமது ஊர்களில் இரத்த சுத்தி என்று விளம்பரம் செய்யப்படும் லேகியங்களைப் பற்றியும் வாசகர்கள் இதே நிதானத்தோடு யோசிக்க வேண்டுமென்பது என் கருத்து. தோல் நோய்க்குப் பறங்கிப்பட்டை வேண்டுமென்றால் பயின்ற சித்த வைத்தியரிடம் போகட்டும். மேகநோய் என்று சந்தேகம் வந்தால் கூச்சத்தை விட்டு அரசு மருத்துவமனைக்குப் போகட்டும்.

வேர் மோகத்தின் விளைவைக் காண நாம் மெக்ஸிகோவிற்குப் போக வேண்டியதில்லை. சர்சபரில்லாவின் புகழ் உச்சத்திலிருந்த காலத்தில், நமது நன்னாரியின் மணத்தையும் பயனையும் கண்ட ஆங்கிலேயர் அதை இந்தியச் சர்சபரில்லா என்று தமது மருந்து நூலில் சேர்த்துக்கொண்டனர். தாவர முறையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நன்னாரி எருக்கு வர்க்கத்தைச் சேர்ந்தது. சர்பத்துக்காகவும் மருந்துக்காகவும் நன்னாரி வேரின் தேவை பெருகப் பெருக, அதே வாசனைப் பொருளைத் தன்னுள் கொண்ட, அதைவிடப் பருத்த கிழங்குடைய மாகாளிக்கிழங்கு அதன் பெயரில் சந்தைக்கு வரலாயிற்று. மோரில் ஊறிய மாகாளிக்கிழங்கை மூட்டைப்பூச்சி வாசனையென்று முகம் சுளிப்பவர்களும், அதில்லாமல் தயிர்சாதம் இறங்காதவர்களும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் முன்வரவில்லை. ஆனால் பாறை இடுக்குகளில் பல ஆண்டு நின்று முதிர்ந்த கொடியை அடியோடு பெயர்த்தால்தான் அந்தக் கிழங்கு கிடைக்கும் என்பதையும், தென்னிந்தியக் காடுகளில் அது அருகி வருவதாகத் தாவர நூலறிஞர்கள் நெடுநாளாக எச்சரித்து வருவதையும் இரு கட்சியாரும் அறிய வேண்டும். இலையைக் கொய்பவன் அடுத்த ஆண்டும் அதே கொடியிடம் வரலாம். கிழங்கை முழுதும் பெயர்த்தவனுக்கு வேறு கொடியைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

வேர் வேண்டுமானால் பயிரிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஸ்மைலாக்ஸை விதையிலிருந்து வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். கனியின் சதையை நன்றாகக் கழுவி நீக்கி ஈரமண்ணில் விதைத்தாலும், பல இனங்களின் விதை நெடுங்காலம் உறங்கிய பின்பே முளைக்கும். கண்ணுள்ள கிழங்குத் துண்டுகளைப் பிரித்து நடுவது விரைவான வழி. கனி வேண்டுமானால் ஆண்கொடியும் பெண்கொடியும் அருகருகே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் நட்டுவிட்டுக் காய்க்கவில்லையே என்று மண்ணை நோவதில் பிரயோஜனமில்லை. உறுதியான வேலியோ பந்தலோ கொடுத்து, கொடி வலுக்கும் வரையில் முதல் சில ஆண்டுகள் தளிரைக்கூடத் தொடாமல் விட்டுவிடுவது உத்தமம். நெல்வயல் ஓரத்திலும் காய்கறித் தோட்டத்திலும் இதை நட வேண்டாம்; ஒருமுறை வேரூன்றினால் பின்பு அப்புறப்படுத்துவது கஷ்டம். அதே காரணத்தால், கிரீன்பிரையரின் தளிர் சுவையானதென்று படித்துவிட்டு அமெரிக்க விதையை வரவழைத்து இங்கே முளைக்க வைப்பதை நான் அடியோடு எதிர்க்கிறேன். உன்னிச்செடியை அழகுக்காக வரவேற்று, பிறகு முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அதனோடு போராடிக்கொண்டிருக்கும் நமக்கு இன்னொரு விருந்தாளி வேண்டாம்.

நமக்கென்றே சொந்த இனங்கள் இருக்கின்றன. நூல்களில் மலைத்தாமரை, திருநாமப்பாலை என்றும், மலையாளத்தில் கரீலாஞ்சி என்றும் பெயர்பெற்ற ஸ்மைலாக்ஸ் ஜெய்லானிக்கா நமது மலைச்சாரல்களிலும் இலங்கையிலும் வளர்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காணப்படாத ஸ்மைலாக்ஸ் வைட்டியை என்னும் இனமும் உண்டு. கருநீல இறகில் வெளிர்நீலப் பட்டை ஓடும் அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்று இந்தக் கொடிகளின் இலையை உண்டே புழுப்பருவத்தைக் கழிக்கிறது. மலையோரத் தோட்டங்களில் வேலியாக இக்கொடியை விட்டுவைப்பவர் அந்தப் பூச்சிக்கும் கனி தின்னும் பறவைகளுக்கும் உபகாரம் செய்தவராவார். ஆனால் அமெரிக்க இனத்தின் தளிரைப் பற்றி மேலே சொன்னதை இவற்றின் மேல் அப்படியே ஏற்றிவைத்துச் சமைக்கத் தொடங்கிவிடக் கூடாது. ஒரே வர்க்கமென்பதனால் குணமும் ஒன்றாகிவிடாது. நமது இனங்களின் எந்தப் பாகத்தை எந்தப் பருவத்தில் எப்படி உபயோகிக்கலாம் என்பதை அறிந்தவர்கள் காணிக்காரரும் பளியரும் இருளரும் போன்ற மலைக்குடிகள். அவர்களுடைய அனுபவத்தைக் கேட்டு எழுதி, ரசாயன சாலையில் சோதித்து, எளிய தமிழில் வெளியிடுவது நமது பல்கலைக்கழகங்களின் கடமையாகும்.

காட்டில் யாரும் கைவைக்கலாகாது என்று ஒரே உத்தரவில் தடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமென்று சிலர் எண்ணுகிறார்கள். அது நியாயமுமன்று, சாத்தியமுமன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களின் மேல் மலைவாழ் மக்களுக்கு உரிமை வழங்கியிருக்கிறது. அந்த உரிமையைப் பறிக்காமலே, அவர்கள் கையிலேயே நாற்றங்காலைக் கொடுத்து, தோண்டிய கிழங்கைவிட வளர்த்த கிழங்குக்குக் கூடுதல் விலை தருவதுதான் பயனளிக்கும் வழி. இதற்காகப் புதிய ஸ்தாபனம் எதுவும் தொடங்க வேண்டியதில்லை. மருந்துச் செடிப் பண்ணைக்கும் மூலிகை மருந்து உற்பத்திக்குமென்றே தமிழ்நாடு அரசு 1983-இல் தொடங்கிய டாம்ப்கால் நிறுவனம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் தேசிய மருத்துவத் தாவர வாரியம் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நன்னாரியிலும் மாகாளிக்கிழங்கிலும் தொடங்கி, மூலிகை மருந்து தயாரிப்போர் ஒவ்வொருவரும் தங்கள் மூலப்பொருள் எந்த மாவட்டத்தில், காட்டிலிருந்தா தோட்டத்திலிருந்தா எடுக்கப்பட்டது என்பதைப் புட்டியின் மேலேயே அச்சிட வேண்டுமென்று அரசு விதி செய்யட்டும். மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இந்த மழைக்காலத்திலேயே நாற்றுகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கட்டும்.